லேன் மாறும்போது எதை மாற்றுவது? பந்தையா, நிற்கும் இடத்தையா?

டர்பனிலும் ஜோகன்னஸ்பர்க்கிலும் டென்பின் (பத்துப் பின் பௌலிங்) லீக் ஆடும் நம்மவர்கள் அடிக்கடி ஒரே கேள்வியோடு வருகிறார்கள். முதல் ஆட்டத்தில் பாக்கெட்டுக்குள், அதாவது முதலாம் மூன்றாம் பின்களுக்கு இடையே, அழகாகப் புகுந்த பந்து, மூன்றாவது ஆட்டத்தில் முன்னே தனித்து நிற்கும் தலைப்பின்னுக்கு நேராகவோ அதையும் கடந்து இடப்பக்கமோ ஏறிவிடுகிறது. கை மாறவில்லை, வேகம் மாறவில்லை, மதிப்பெண் மட்டும் இறங்குகிறது. அமெரிக்கத் தொழில்முறை பௌலர்கள் சங்கமான பி.பி.ஏ.யின் ஆட்டங்களைத் திரையில் பார்த்தால் குழப்பம் இன்னும் கூடுகிறது. இதே நிலையில் ஒருவர் பந்தை மாற்றுகிறார். இன்னொருவர் அதே பந்தோடு நான்கு பலகை (லேனை நெடுக்காகப் பிரிக்கும் பட்டைகள்) இடப்பக்கம் நகர்கிறார். மூன்றாமவர் தொடக்கத்திலிருந்தே யுரேத்தேன் மேலோடுடைய பந்தைக் கையில் வைத்திருக்கிறார். மூவரும் வெல்வதைப் பார்த்திருக்கிறோம். இந்த மூன்று வழிகளில் எது யாருக்கு, எப்போது பொருந்தும் என்பதை எடைபோடவே இந்தக் கட்டுரை. வலக்கை ஆட்டக்காரரை மனத்தில் கொண்டு எழுதுகிறேன். இடக்கை ஆட்டக்காரர்கள் திசையை மட்டும் திருப்பிக்கொள்ளலாம்.

லேனில் உண்மையில் நடப்பது

உருட்டுபவர் தாண்டக்கூடாத ஃபவுல் கோட்டிலிருந்து தலைப்பின் வரை 60 அடி, அகலம் 41.5 அங்குலம், குறுக்கே 39 பலகைகள். இந்தப் பரப்பின் முன்பகுதியில்தான் எண்ணெய் பூசப்படுகிறது. ஒரு லேனுக்கு ஏறக்குறைய 20 முதல் 30 மில்லிலிட்டர், அதாவது இரண்டு மேசைக்கரண்டிக்கு மேற்படாத எண்ணெய். அவ்வளவு மெல்லிய படலத்தின் மீது நாற்பது ஐம்பது முறை கனமான பந்து உருண்டால் அது அப்படியே இருக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

மாற்றம் இரண்டு வகை. இன்று பரவலாக உருட்டப்படும் ரியாக்டிவ் வகைப் பந்துகளின் மேலோட்டில் நுண்துளைகள் இருப்பதால் அவை எண்ணெயை உறிஞ்சி எடுத்துச் செல்கின்றன. எல்லோரும் உருட்டும் தடத்தில் முதல் இருபது முப்பது அடி வறண்டு, பந்து முன்னதாகவே பிடித்துக்கொண்டு வளையத் தொடங்குகிறது. பிளாஸ்டிக்கும் யுரேத்தேனும் எண்ணெயை அதிகம் உறிஞ்சுவதில்லை. அவை அதைத் தள்ளிக்கொண்டு போய், எண்ணெயே இல்லாதிருந்த கடைசிப் பகுதியில் பூசிவிடுகின்றன. அங்கே பந்து வளைய வேண்டிய இடத்தில் வழுக்குகிறது. முன்னே வறட்சி, பின்னே வழுக்கல்: இரண்டும் ஒரே லேனில் ஒரே நேரத்தில் இருக்கக்கூடும். நம் குழப்பத்திற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

பொழுதுபோக்கு அரங்குகளில் பூசும் வழக்கமான அமைப்பில் நடுவில் எண்ணெய் மிகுதியாகவும் ஓரங்களில் சொற்பமாகவும் இருக்கும். வெளியே தவறினால் வறண்ட பலகை பந்தைத் திருப்பி அனுப்பும். உள்ளே தவறினால் எண்ணெய் அதைத் தாங்கிப் பிடிக்கும். கடினமான போட்டி அமைப்புகளில் இந்த வேறுபாடு ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று என்ற அளவிற்குள் சுருங்கிவிடுகிறது. தவறுக்கு இடமும் அதோடு சுருங்குகிறது. ஆகவே தொழில்முறை ஆட்டக்காரர் போட்டி அமைப்பில் எடுக்கும் முடிவு, நம் சனிக்கிழமை லீக்கில் அப்படியே பொருந்தாது.

எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், பந்து பின்களைச் சேரும்போது அதில் எஞ்சியிருக்கும் வலுவும் அது நுழையும் கோணமும். பாக்கெட்டின் சிறந்த இடம் 17.5ஆவது பலகை, சிறந்த நுழைவுக் கோணம் ஏறத்தாழ 6 பாகை என்பது அமெரிக்க பௌலிங் அமைப்பான யு.எஸ்.பி.சி.யின் ஆய்வுகளிலிருந்து பரவலாக ஏற்கப்பட்ட அளவு. பாக்கெட்டைத் தொட்டால் போதாது என்பதே இதன் பொருள்.

இரண்டாவது, தவறுக்கு எவ்வளவு இடம் கிடைக்கிறது என்பது. மூன்றாவது, எடுத்த முடிவு எத்தனை ஆட்டங்கள் தாங்கும் என்பது. நான்காவது, உங்கள் பந்து லேனுக்கு என்ன செய்கிறது என்பது; அடுத்த ஆட்டத்தில் அதே லேனில் உருட்டப்போவது நீங்களும்தான். ஐந்தாவது செலவு. பந்தின் விலை அதில் ஒரு பகுதி மட்டுமே.

இந்த ஐந்திலும் நம்மவர்கள் மிகக் குறைவாகக் கவனிப்பது மூன்றாவதை. பயிற்சி நேரத்தின் பத்துப் பதினைந்து நிமிடங்களில், புதிதாக எண்ணெய் பூசிய லேனில் எந்தப் பந்து அழகாக வளைகிறதோ அதைத் தேர்ந்துவிடுகிறார்கள். போட்டி தீர்மானமாவது அந்த லேனில் இல்லை. ஒரு மணி நேரம் கழித்து உருவாகியிருக்கும் லேனில்.

முதல் வழி: அதே பந்து, நகரும் கால்

இதுவே எல்லோரும் முதலில் கற்க வேண்டிய வழி என்பது என் உறுதியான கருத்து. பந்து தலைப்பின் பக்கமாக ஏறினால் காலை இரண்டு பலகையும், லேனில் குறித்திருக்கும் அம்புக்குறிகளுக்கருகே பார்க்கும் இலக்கை ஒரு பலகையும் இடப்பக்கம் நகர்த்துவது வழக்கமான முறை. பந்து எண்ணெய் எஞ்சியிருக்கும் பலகைகளின் மீது போகிறது; வளையும் இடம் மீண்டும் பழைய தொலைவுக்குத் தள்ளிப்போகிறது. ஒரு பந்தின் குணத்தை முழுமையாக அறிந்தவருக்கு இதில் புதிதாகக் கற்க எதுவும் இல்லை. ஒரு ஃபிரேமைக்கூட (ஆட்டத்தின் பத்துச் சுற்றுகளில் ஒன்று) இழக்காமல் சரிசெய்துகொள்ளலாம்.

மறைந்திருக்கும் விலை மூன்றாவது நான்காவது நகர்வில் தெரியும். உள்ளே போகப் போக, பந்தை வெளிப்பக்கம் அனுப்பித் திரும்ப வரவழைக்க வேண்டும். அதற்குச் சுழற்சி வேண்டும். ஜேசன் பெல்மான்ட்டே போன்று இரு கைகளாலும் பந்தை விடும் இருகை ஆட்டக்காரர்களுக்கு அது தாராளமாக இருக்கிறது. 15 மேஜர் பட்டங்கள் வென்ற அவரைப் பார்த்து, மிதமான சுழற்சியுடைய ஒருவர் அதே அளவுக்கு உள்ளே போய் நின்றால், பந்து போகும், திரும்பாது. திரும்பினாலும் களைத்துத் திரும்பும்.

அந்தக் களைப்பைக் கண்ணால் பார்க்க முடியும். வலக்கை ஆட்டக்காரர் பாக்கெட்டில் அடித்தும் வலக்கோடியில் பத்தாம் பின் நின்றுவிடுகிறது. அப்போது ஆறாம் பின்னைக் கவனியுங்கள். அது பத்தாம் பின்னின் கழுத்தைச் சுற்றிப் பறந்திருந்தால் கவலை சிறிது. அரைப் பலகை நகர்வோ வேகத்தில் சிறு மாற்றமோ போதும். ஆறாம் பின் தளர்ந்து ஓரக் கால்வாயில் படுத்துக் கிடக்க, பத்தாம் பின் அசையாமல் நின்றால், பந்து தன் வலுவை லேனிலேயே செலவழித்துவிட்டு வந்து சேர்ந்திருக்கிறது. இது அடுத்தடுத்து இருமுறை நடந்தால் காலை நகர்த்திப் பயனில்லை. முதல் வழியின் எல்லை அங்கே முடிகிறது. பலர் இதைத் துரதிர்ஷ்டம் என்று ஒதுக்கிவிட்டு இன்னும் ஓர் ஆட்டம் முழுவதும் ஒன்பது ஒன்பதாக எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

நல்ல சுழற்சி உடையவர்களுக்கும், ஓரம் வறண்ட வழக்கமான அரங்கு அமைப்பில் ஆடுபவர்களுக்கும், மூன்றே ஆட்டங்களில் முடியும் லீக் இரவுகளுக்கும் இந்த வழி சிறந்தது.

இரண்டாம் வழி: சாலிடில் தொடங்கி பேர்லுக்கு மாறுதல்

சாலிட் மேலோடுடைய ரியாக்டிவ் பந்தை 2000 எண் அல்லது அதைவிடக் கரடான உப்புத்தாளால் தேய்த்து மங்கலாக வைத்தால், அது எண்ணெயிலும் முன்னதாகப் பிடித்து, பதற்றமில்லாத சீரான வளைவைத் தரும். புது எண்ணெயில் இந்த அமைதி பெரிய வரம். முன்பகுதி வறண்டதும் அதே குணம் எதிரியாகிறது. பந்து சீக்கிரம் பிடித்து, சீக்கிரம் களைக்கிறது. அப்போது பளபளப்பான பேர்ல் பந்துக்கு மாறினால், அது வறண்ட முன்பகுதியை வழுக்கிக் கடந்து, வலுவைக் கடைசிவரை சேமித்து, இறுதியில் கூர்மையாகத் திரும்பும். நிற்கும் இடம் ஏறக்குறைய பழையபடியே இருக்க, கோணமும் வலுவும் திரும்பக் கிடைக்கின்றன. சுழற்சி குறைந்தவர்களுக்கு உள்ளே உள்ளே நகர்வதைவிட இது நம்பகமானது.

எப்போது மாற்றுவது என்பதில்தான் கலை இருக்கிறது. அதற்கான தகவல் பந்திலேயே எழுதப்பட்டிருக்கும். உருட்டிய பந்து திரும்பி வந்ததும் துடைத்துவிடாமல் ஒரு கணம் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். மேலோட்டில் எண்ணெய் வளையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விசிறிபோல விரிந்திருக்கும். முதல் ஆட்டத்தில் தடிமனாக, ஈரமாக இருந்த வளையங்கள் மூன்றாவது ஆட்டத்தில் மெலிந்து மங்கியிருந்தால், அந்தத் தடத்தில் எண்ணெய் தீர்ந்துகொண்டிருக்கிறது. மதிப்பெண் சொல்வதற்கு முன்பே வளையங்கள் சொல்லிவிடும்.

மறைந்த விலைகள் இங்கே அதிகம். முதலாவது, லேனின் கடைசிப் பகுதிக்கு எண்ணெய் நகர்ந்திருந்தால் பேர்ல் பந்து அங்கேயும் வழுக்கித் திரும்பாமலே போய்விடும்; உடன் ஆடுபவர்களில் யாரேனும் யுரேத்தேனோ பிளாஸ்டிக்கோ உருட்டுகிறார்களா என்று பார்க்காமல் மாற்றுவது ஆபத்து. இரண்டாவது, போட்டிகளில் ஃபிரேமுக்கு ஃபிரேம் இரண்டு லேன்களில் மாறி மாறி ஆடுகிறோம். இரண்டும் ஒரே வேகத்தில் மாறுவதில்லை. இடது லேனில் பேர்லும் வலது லேனில் சாலிடும் உருட்ட வேண்டிய நேரங்கள் உண்டு. ஒன்றில் மாற்றியதாலேயே மற்றதிலும் மாற்றிவிடுவதைப் பல அணிகளில் பார்க்கிறேன். அதற்கு எந்த அவசியமும் இல்லை. மூன்றாவது, தேய்த்த மேற்பரப்பு லேனில் உருள உருளத் தானாகவே மழமழப்பாகிறது. போட்டி தொடங்கிய பிறகு தாளால் தேய்ப்பதை யு.எஸ்.பி.சி. விதிகள் தடை செய்கின்றன; இடையில் உலர்ந்த துணியால் துடைக்க மட்டுமே அனுமதி. ஆகவே சாலிட் பந்தைக் காலையில் எப்படித் தயார் செய்தீர்களோ, அதோடுதான் மாலைவரை வாழ வேண்டும்.

பணச் செலவும் இதில்தான் அதிகம். இரண்டு இறக்குமதிப் பந்துகள், இரண்டுக்கும் துளையிடும் கூலி, விரல் பிடிப்புகள், உறிஞ்சிய எண்ணெயை அவ்வப்போது வெளியேற்றும் பராமரிப்பு என்று ரேண்டின் மதிப்பைப் பொறுத்து ஏறிக்கொண்டே போகும். இரண்டு பந்துகளும் குணத்தில் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தால் அவ்வளவும் வீண். வாங்கும்போது நிறத்தையும் பெயரையும் விட்டுவிட்டு, இரண்டும் எத்தனை அடி இடைவெளியில் வளையத் தொடங்குகின்றன என்பதைக் கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

மூன்றாம் வழி: யுரேத்தேனோடு தொடங்குதல்

1980களின் தொடக்கத்தில் யுரேத்தேன் வந்தது. 1990களின் தொடக்கத்தில் ரியாக்டிவ் வந்து அதை ஓரங்கட்டியது. பிறகு சுழற்சி மிகுந்த புதிய தலைமுறை ஆட்டக்காரர்களோடு யுரேத்தேன் திரும்பி வந்தது. ஸ்வீடனின் இடக்கை, இருகை ஆட்டக்காரர் யெஸ்பர் ஸ்வென்சன் இதைக் கையாண்ட விதம் பலரை அந்தப் பக்கம் திருப்பியது. வலுவான சுழற்சியைச் சீறாமல் அடக்கி, நீண்ட மென்மையான வளைவாக மாற்றுவதே இதன் சிறப்பு.

எண்ணெய் குறுகிய நீளத்திற்கே பூசப்பட்டிருக்கும் இடத்தில் இதற்கு இணையில்லை. பழைய கணக்கு ஒன்று உண்டு: எண்ணெயின் நீளத்திலிருந்து 31ஐக் கழித்தால், பந்து எண்ணெயை விட்டு வெளியேறும்போது எந்தப் பலகையில் இருக்க வேண்டும் என்பது தோராயமாகக் கிடைக்கும். பி.பி.ஏ.யின் சீட்டா என்ற குறுகிய எண்ணெய் அமைப்பு 35 அடி, விடை 4. ஓரக் கால்வாயிலிருந்து நான்கே பலகை. அங்கே வறண்ட பரப்பு 25 அடி காத்திருக்கிறது. ரியாக்டிவ் பந்து அதைத் தொட்டதும் துள்ளிவிடும், யுரேத்தேன் பொறுமையாகத் திரும்பும். 44 அடி நீளமுள்ள அமைப்பில் விடை 13. அங்கே யுரேத்தேனுக்கு வளைய நேரமே போதாது.

லேனின் மீது இதன் விளைவு மற்ற இரண்டு வழிகளைவிடப் பெரியது. எண்ணெய் முன்னோக்கி நகர்கிறது. உருட்டுபவருக்கு முதலில் நன்மையாகவும், இரண்டு ஆட்டங்கள் கழித்துச் சுமையாகவும் ஆகிறது. பாக்கெட்டில் அடித்தும் கோணம் குறைந்ததால் மூலைப் பின்கள் நிற்கத் தொடங்கும். அப்போது ரியாக்டிவுக்கு மாறினால், நீங்களே பூசிவைத்த எண்ணெயில் அது வழுக்கும். எதிராளி உருட்டும் தடத்தை வேண்டுமென்றே கெடுக்க யுரேத்தேனைப் பயன்படுத்துவது தொழில்முறை ஆட்டத்தில் ஓர் உத்தி. விதிகளுக்கு உட்பட்டதுதான், ஆனால் அணி ஆட்டத்தில் அடுத்து உருட்டப்போவது உங்கள் தோழர் என்பதை மறக்கக்கூடாது.

மேற்பரப்பின் கடினம் பற்றியும் சொல்ல வேண்டும். மென்மையான பந்து லேனை அதிகம் பிடிக்கும். 1973இல் தொழில்முறை ஆட்டக்காரர் டான் மெக்யூன் தன் பந்துகளை வேதிக் கரைப்பானில் ஊறவைத்து மென்மையாக்கி, அந்த ஆண்டில் மட்டும் ஆறு பட்டங்களை வென்றார்; அதன் பிறகே கடினத்திற்கான விதிகள் பிறந்தன. 2022இல், 2016, 2017 ஆண்டுகளில் தயாரான பர்ப்பிள் ஹாமர் யுரேத்தேன் பந்துகளை யு.எஸ்.பி.சி. தன் தேசியப் போட்டிகளில் விலக்கியதும் கடினம் தொடர்பான காரணத்தினாலேயே. பழைய யுரேத்தேன் பந்தை மலிவாக வாங்க நினைப்பவர்கள், அது நீங்கள் ஆடும் போட்டியில் அனுமதிக்கப்படுமா என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிளாஸ்டிக் பந்து

இது ஸ்ட்ரைக்குக்கான (ஒரே பந்தில் பத்துப் பின்களையும் வீழ்த்துவது) தேர்வு அன்று. லேன் மாற்றத்திலிருந்து முழுவதுமாக விலகி நிற்கும் பந்து. எண்ணெய் இருந்தாலும் தீர்ந்தாலும் நேராகப் போகும். தனியாக நிற்கும் பத்தாம் பின்னை வீழ்த்த இதைவிட நம்பகமானது இல்லை. இரண்டாவது ரியாக்டிவ் வாங்குவதற்கு முன்பு இதை வாங்குங்கள்.

ஒரே பார்வையில்

| | அதே பந்து, நகர்வு | சாலிடிலிருந்து பேர்ல் | யுரேத்தேன் தொடக்கம் |
|---|---|---|---|
| நுழைவு வலு | சுழற்சி இருந்தால் நீடிக்கும் | மாற்றும் நேரம் சரியானால் மிக நன்று | மிதம். விரைவில் குறையும் |
| தவறுக்கு இடம் | வழக்கமான அமைப்பில் அதிகம் | சாலிடில் அதிகம், பேர்லில் குறைவு | குறுகிய எண்ணெயில் அதிகம் |
| தாங்கும் காலம் | மூன்று ஆட்டங்கள்வரை எளிது | நீண்ட போட்டிக்கு ஏற்றது | தொடக்க ஆட்டங்கள் மட்டும் |
| லேனுக்குச் செய்வது | முன்பகுதி வறளும் | முன்பகுதி வேகமாக வறளும் | கடைசிப் பகுதியில் எண்ணெய் சேரும் |
| செலவு | குறைவு | மிக அதிகம் | மிதம் |

போட்டியின் வடிவம்

ஆறு எட்டு ஆட்டங்கள் தொடர்ந்து நடக்கும் தகுதிச் சுற்றும், கீழிடத்தார் ஒவ்வொருவரையும் வென்று மேலே ஏறும் படிநிலை இறுதியும் ஒரே விளையாட்டின் இரண்டு வேறு சோதனைகள். படிநிலை இறுதியில் கீழ் இடத்தில் இருப்பவர் முதல் ஆட்டத்திலிருந்தே அந்த இரண்டு லேன்களையும் தானே மாற்றிக்கொண்டு ஏறி வருகிறார். ஒவ்வொரு நகர்வும் அவர் கைக்குத் தெரியும். முதலிடத்தில் இருப்பவரோ ஒரே ஆட்டம்தான் ஆடுவார், அதுவும் மற்றவர்கள் ஏற்கெனவே மாற்றிவிட்ட லேனில். அவர் முதல் பந்துக்கு எதை எடுக்கிறார் என்பது, அதற்குமுன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எதைக் கவனித்தார் என்பதைப் பொறுத்தது. நம் உள்ளூர் இறுதிப் போட்டிகளில் காத்திருப்பவர்கள் அலைபேசியில் மூழ்கியிருப்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. முதலிடத்தின் ஆதாயமே அந்தக் கவனிப்பில்தான் இருக்கிறது.

இடக்கை ஆட்டக்காரர்களின் பக்கத்தில் உருட்டுபவர்கள் குறைவு என்பதால் லேன் மெதுவாக மாறுகிறது. அவர்களுக்கு முதல் வழி பெரும்பாலும் போதும்.

தென்னாப்பிரிக்காவில் கூடுதலாகக் கவனிக்க வேண்டியவை

டர்பனின் கோடைப் புழுக்கத்தில் கட்டைவிரல் வீங்கும். கடல்மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேல் இருக்கும் ஜோகன்னஸ்பர்க்கின் வறண்ட குளிர்காலத்தில் அதே விரல் சுருங்கும். துளைக்குள் ஒட்டும் டேப்பை ஒன்று கூட்டவோ குறைக்கவோ செய்யாமல், விரல் சிக்கி வெளியேறிய பந்தின் தவறான போக்கை லேன் மாற்றம் என்று எண்ணி நகரத் தொடங்குகிறவர்கள் உண்டு. மின்தடையால் குளிரூட்டி நின்றுபோன அரங்கில் வெப்பம் ஏறும்போது எண்ணெய் நீர்த்துவிடும். அன்று பழைய குறிப்புகளை நம்ப வேண்டாம்.

பயணத்தையும் கணக்கில் சேருங்கள். 15 பவுண்டுப் பந்து 6.8 கிலோ. மூன்று பந்துகள் சேர்ந்தாலே 20 கிலோவைத் தாண்டிவிடும். பை, காலணி தனி. உள்நாட்டு விமானங்களில் ஒரு பெட்டிக்கு 20 அல்லது 23 கிலோ என்ற வரம்பே பொதுவாக இருப்பதால், நான்காவது பந்து கூடுதல் கட்டணத்தோடுதான் பறக்கும். டர்பனையும் ஜோகன்னஸ்பர்க்கையும் இணைக்கும் என்3 நெடுஞ்சாலையில் காரில் போகிறவர்கள் வழியில் வண்டியை வெயிலில் நிறுத்தி, பந்துகளை டிக்கியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். வெப்பத்தில் விரிந்து மேலோடு வெடிக்கும்.

லீக்கோடு நிற்பவருக்கு நடுத்தரமான ஒரு ரியாக்டிவும் ஒரு பிளாஸ்டிக்கும் போதும்; முதல் வழியை முழுமையாகக் கற்கட்டும். மாகாண அளவிலும் அதற்கு மேலும் ஆட விரும்புகிறவர், முதல் பந்திலிருந்து தெளிவாக விலகிய குணமுடைய பேர்ல் ஒன்றை மூன்றாவதாக வாங்கி இரண்டாம் வழிக்கு வரலாம். யுரேத்தேன் நான்காவது பந்து. சுழற்சி மிகுந்தவர்களும், குறுகிய எண்ணெய் அமைப்பு அறிவிக்கப்பட்ட போட்டிக்குத் தயாராகிறவர்களும் மட்டும் அதை முன்னே கொண்டுவரலாம். எந்த வழியானாலும், பயிற்சி நேரத்தின் கடைசி இரண்டு பந்துகளை, இரண்டு லேன்களிலும் ஒவ்வொன்றாக, நீங்கள் தொடங்கப்போகாத பந்தால் உருட்டிப் பாருங்கள். மூன்றாவது ஆட்டத்தில் அதைக் கையில் எடுக்கும்போது எத்தனை பலகை தள்ளி நிற்க வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்கும்.